பல் வரிசையில் ஒரு மாமன் மகள்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது என் வேலை. கல்யாணம் கட்டினால், மாடியில் பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கும் பெண்ணைத்தான் கட்டுவது என்று முடிவு செய்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் சொல்லி ஒரு வாரம்தான். அம்மா மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளையும் அவள் பெற்றோரையும் வரச் சொன்னாள்.

பத்து நிமிடம் எல்லாம் நன்றாகவே போனது. பிறகு இரண்டு அம்மாக்களும், யாரும் கேட்காமலே, நீங்கள் யார் வழி என்று விசாரித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். செத்துப்போனவர்கள் ஒவ்வொருவராக வந்து போனார்கள். கடைசியில் பிடிபட்டுவிட்டது. என் அம்மாவைப் பெற்றவளும் அந்தப் பெண்ணின் அம்மாவும் அண்ணன் தம்பி பிள்ளைகள். பிழைப்புக்காகப் பிரிந்துபோய், தொடர்பு விட்டுப்போன குடும்பம்.

அம்மா எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபடியே விரல்விட்டு எண்ணினாள். முகம் சுருங்கியது.

"அப்ப இவ எனக்குத் தங்கச்சி."

என்னைவிட இரண்டு வயது சின்னவள், கையில் டீ டம்ளரோடு, என் சித்தியாகிவிட்டாள்.

அதோடு கல்யாணப் பேச்சு நின்றது. அம்மாவுக்கு வருத்தம்தான். ஆனாலும் நாற்பத்தெட்டு வயதில் கிடைத்த தங்கையை விட மனமில்லை. வாசல்வரை போய், அடிக்கடி வந்து போ என்றாள்.

மறுநாள் ஒருவருடைய இடது லென்ஸை வலது பக்கம் மாட்டித் திட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"சாப்பிட்டியாப்பா?"

"விளையாடாதீங்க."

"சித்தி கேட்டா பதில் சொல்லணும்."

சொல்லிவிட்டு ஓர் அட்டையை நீட்டினாள். நோயாளிகளுக்குக் குறிப்பெழுதும், பல் வரிசை அச்சிட்ட அட்டை. முப்பத்திரண்டு பல்லிலும் உறவினர்கள். தன் அப்பாவின் தம்பி வீட்டில் விசாரித்து எழுதியிருக்கிறாள். கடவாய்ப் பக்கம் இரண்டு பற்களை வட்டமிட்டிருந்தாள்.

"எங்க சித்தப்பாவும் உங்க மாமாவும் அக்கா தங்கச்சியைக் கட்டினவங்க. சகலை. சகலைன்னா அண்ணன் தம்பி முறை. அப்ப எங்கப்பா உங்கம்மாவுக்கு அண்ணன் முறை. நான் உங்களுக்கு மாமா பொண்ணு."

இரண்டு வழி இருந்தால் வேண்டிய வழியை எடுத்துக்கொள்வது எங்கள் வீட்டில் புதிதில்லை. வீட்டுக்குப் பறந்தேன்.

அம்மா அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு பல்லில் விரல் நின்றது. மாமாவின் மனைவி. பதினொரு வருடத்துக்கு முன்பு குடும்பப் போட்டோவில் அம்மாவை ஒரு நெட்டை ஆளுக்குப் பின்னால் நிறுத்தியவள். அன்றோடு பேச்சு நின்றது. அம்மாவைப் பொறுத்தவரை மாமா கல்யாணமே ஆகாதவர். மனைவியே இல்லாதவருக்குச் சகலை எங்கிருந்து வருவார்?

"இந்த வழி வேண்டாம்" என்றாள்.

"அப்ப அவங்க சித்தியாவே இருக்கட்டும்மா. எனக்கு வேற யாரும் வேண்டாம்."

இரண்டு நாள் அம்மா பாத்திரங்களோடு மட்டும் பேசினாள். மூன்றாம் நாள் சாயங்காலம் போனை எடுத்து, எண்ணைப் பார்க்காமலே அழுத்தினாள். பதினொரு வருடமாக மனப்பாடமாகவே இருந்திருக்கிறது.

"அண்ணி" என்றாள். அந்த ஒரு சொல்லில் மாமாவுக்கு மறுபடியும் கல்யாணமாயிற்று. "உங்க தங்கச்சி வீட்டுக்காரரோட அண்ணன் பொண்ணு எனக்கு என்ன முறை வேணும்?"

பதில் கதவோரம் நின்ற எனக்கே கேட்டது.

"மருமகதான். இதைக் கேக்கவா இத்தனை வருஷம்?"

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"போன்ல சொன்னா ஆச்சா? நேர்ல வந்து சொல்லுங்க."