மார்ச் 99-ஆம் தேதி மூடப்படும்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது ஐந்துக்கு ஓடில் கல்லூரிச் செய்திமடலை அனுப்பினாள். ஒன்பது பதினொன்றுக்கு டிராகன் தலையில் அடித்துக்கொண்டு அழுதது.

இரண்டாம் மாடியில், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டிய கறுப்பு உடையில் லோரியே என்ற மூன்றாம் ஆண்டு மாணவன் நின்றிருந்தான். அவன் கையைத் தூக்கினால் சுவர்த் திரையில் டிராகன் சிறகைத் தூக்கும். அவன் போனைப் பார்த்தான், அப்படியே தரையில் உட்கார்ந்தான், இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். நாற்பதடி டிராகனும் அதையே செய்தது. கண்ணாடிக்கு வெளியே நின்ற முதலாமாண்டுப் பிள்ளைகள், இந்தப் பருவத்திலேயே இதுதான் உயிருள்ள நடிப்பு என்று கைதட்டினார்கள்.

லோரியே படித்தது இதுதான்:

'ஊதா ரக்கூன் நிறுவனம் மார்ச் 99-ஆம் தேதி மூடப்படும். நூற்று நாற்பது பேருக்கும் வேலை போகும். யாருக்கும் முன்கூட்டிச் சொல்லப்படாது. கேக் உண்டு.'

மாண்ட்ரியலில் விளையாட்டு வடிவமைப்பு படிக்கும் எவருக்கும் ஊதா ரக்கூன் தெரியாமல் இருக்காது. பனி அள்ளும் லாரியை நகரம் முழுக்க ஓட்டும் விளையாட்டை விற்று, போன வாரம்தான் முப்பது லட்சம் பிரதிகளைத் தாண்டிய நிறுவனம். மே மாதம் அங்கே இன்டர்ன்ஷிப் போவதற்கு அறுபத்திரண்டு பேர் விண்ணப்பித்து இரண்டு பேர் தேர்வானார்கள். ஒருவன் லோரியே. இன்னொருத்தி ஓடில். இன்டர்ன்ஷிப் முடித்தால்தான் பட்டயம். அவளுடைய இன்டர்ன்ஷிப் கடிதத்தில் நிறுவனத் தலைவரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

பாஸ்தியான் மாடிப்படியில் மூன்று மூன்று படியாகத் தாவி வந்தான். செய்திமடலில் விளையாட்டுத் தொழில் செய்திகள் அவன் பொறுப்பு, வளாகச் செய்திகள் ஓடிலுடையது.

"அடியே, என்னத்தடி அனுப்பித் தொலைச்ச?"

"உன் செய்தியத்தான். நேத்து சாயங்காலம் மாத்திட்டேன்னு சொன்னியே?"

"மாத்தப் போறேன்னு சொன்னேன்!"

ஓடில் அனுப்பிய மடலை மறுபடி திறந்தாள்.

விளையாட்டு உருவாக்குகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மரம் இன்னும் வரையவில்லையா, அந்த இடத்தில் கண்ணைக் குத்தும் ரோஜா நிறத்தில் ஒரு பெட்டியை வைப்பார்கள். எதிரி தயாராகவில்லையா, ரோஜாப் பெட்டியே ஓடிவந்து கடிக்கும். கடைசி நாளில் யாரும் மறந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த நிறம். செய்திமடலிலும் அவர்கள் அப்படித்தான் செய்தார்கள். வராத செய்திக்குப் பதில் ஒருக்காலும் நடக்காத எதையாவது ரோஜா நிறத்தில் எழுதி வைப்பாள் ஓடில். முப்பது லட்சம் விற்ற நிறுவனம் மூடப்படுவதைவிட நடக்காத விஷயம் அந்த வாரம் அவளுக்குத் தோன்றவில்லை. அனுப்புவதற்கு முன் ரோஜா நிறம் எங்கேயாவது தெரிகிறதா என்று ஒரு பார்வை பார்ப்பாள். தெரியவில்லையென்றால் எல்லாம் தயார். வாசித்துப் பார்க்கும் வழக்கம் கிடையாது.

திங்கட்கிழமை முதல் கல்லூரி மின்னஞ்சல்கள் எல்லாம் வெள்ளையில் கறுப்பாக மட்டுமே போகும் என்று கணினிப் பிரிவு முடிவு செய்திருந்தது. அந்த முடிவு அதே மடலில், வளாகச் செய்திகளில் நான்காவதாக வந்திருந்தது. தட்டச்சு செய்தவள் ஓடில்.

"தொண்ணூத்தொம்பதாம் தேதின்னு போட்டிருக்கு. அத ஒருத்தனும் பாக்கலயா?" என்றாள்.

"தேதிய எவன் பாத்தான்? வேலை போகும்ங்கறத பாத்தானுங்க. கேக் வேற போட்டிருக்க. கேக்குன்னதும் எல்லாரும் நம்பிட்டானுங்க."

பத்து மணிக்குள் அவளுக்கு ஐம்பத்து மூன்று மின்னஞ்சல்கள் வந்தன. பழைய மாணவர்களுக்கும் மடல் போகிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர்களில் பாதிப் பேர் ஊதா ரக்கூனில்தான் வேலை பார்த்தார்கள். வந்த மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை வெறும் கேள்விக்குறிகள். ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. எழுதியவள் ஜோசியான், ரக்கூனில் ஒலி வடிவமைப்பாளர்.

'நான் இங்க சேந்து ஆறு வருஷம். வியாழக்கிழமை நோட்டரிகிட்ட வீட்டுப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும். எங்க மேனேஜரைக் கேட்டா சிரிக்கறார். சிரிப்பு சரியில்ல. இது நிஜமா, இல்ல உங்க பிள்ளைங்க விளையாட்டா? ஒரு வார்த்தை சொல்லு.'

'விளையாட்டுதான், மன்னிச்சிடுங்க' என்று தட்டினாள். அனுப்புவதற்குள் துறைத் தலைவர் மேடம் லக்காஸ் வாசலில் வந்து நின்றார்.

"எமரிக் பாரே நேரா வர்றாராம். ஊதா ரக்கூன் தலைவர். போன்கூட வேண்டாம்னுட்டார். உன் கடிதத்தையும் எடுத்துட்டு வர்றாராம்."

"கிழிக்கவா?"

"தெரியல. நீ முதல்ல அழு. பாதி அழுகையிலயே மனுஷங்க எறங்கி வந்துடுவாங்க."

ஓடில் மன்னிப்பை ஐந்து விதமாக எழுதிப் பார்த்தாள். நான்காவதில் ரோஜா நிறத்தைப் பற்றி விளக்கம் இருந்தது. ஐந்தாவதில் கண்ணீர் மட்டும். அதையே மனப்பாடம் செய்துகொண்டாள்.

பாரே உள்ளே வந்தபோது பூட்ஸில் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. கோட்டைக் கழற்றவில்லை. நாற்காலியில் உட்காரவில்லை. கதவைச் சாத்திவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்:

"யார் சொன்னது?"

ஓடில் அழுவதற்காக எடுத்து வைத்திருந்த மூச்சு அப்படியே நின்றது.

"எது?"

"என்கிட்ட நடிக்காதம்மா. பதினாலாம் தேதி மூடற வரைக்கும் அஞ்சு பேரத் தவிர யாருக்கும் தெரியக்கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்கு. நூத்தி நாப்பதுன்னு எண்ணிக்கையோட போட்டிருக்க. கேக் ஆர்டர் குடுத்ததே நேத்து மத்தியானம்தான். அதுகூட உனக்குத் தெரிஞ்சிருக்கு. யாரு, கணக்குப் பிரிவா?"

நூற்று நாற்பது என்ற எண் அவர்களுடைய இணையதளத்தில் இருந்தது. கேக் ஓடிலுடைய சொந்தக் கற்பனை.

"யாரும் சொல்லல," என்றாள். "நான் சும்மா... இடத்த அடைக்கறதுக்கு... நடக்கவே நடக்காத ஒண்ண எழுதினேன்."

பாரே அவளைப் பார்த்தார். பிறகு மேடம் லக்காஸைப் பார்த்தார். அவர் ஜன்னலோரத் தொட்டிச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் இந்த அரை நிமிடத்தில் என்னென்ன சொல்லிவிட்டோம் என்பதை பாரே ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக்கொள்வது முகத்தில் தெரிந்தது. அப்போதுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முப்பது லட்சம் வித்துச்சே?" என்றாள் ஓடில்.

"அறுபது லட்சம் விக்கும்னு டொரொண்டோவுல இருக்கற முதலாளிங்க எழுதி வச்சிருந்தாங்க." கோட்டுப் பையிலிருந்து அவளுடைய கடிதத்தை எடுத்து மேசையில் விரித்தார். பேனாவின் மூடியை மட்டும் திறக்கவில்லை. "நாளைக்குக் காலைல ஒரு திருத்தம் போடு. தவறான செய்தி, ஊதா ரக்கூன் மூடப்படாதுன்னு ரெண்டே வரி. போட்டதும் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். மே அஞ்சாம் தேதி நீ சேரலாம்."

"எங்க சேர்றது? மார்ச்சுலயே மூடிடுவீங்களே?"

"அது..." பாரே செடியின் பக்கம் திரும்பினார். "அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் போன பிறகு மேடம் லக்காஸ் கதவை மறுபடி சாத்தினார்.

"நான் எதையும் கேக்கல. ஆனா கல்லூரி விதிய மட்டும் சொல்றேன். கையெழுத்தான கடிதம் இருந்து, அதுக்கப்புறம் நிறுவனம் மூடிட்டா, இன்டர்ன்ஷிப் முடிச்சதாவே கணக்கு. நீ எங்கயும் போக வேண்டாம். வீட்ல படுத்துத் தூங்கு, ஜூன்ல பட்டயம் வாங்கிக்க. கையெழுத்து இல்லன்னா அடுத்த வருஷம்தான்." தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். "லோரியேவோடது போன வாரமே கையெழுத்தாயிடுச்சு. அவனுக்குக் கவலையில்ல. டிராகன்தான் வீணா அழுதுது."

ஓடில் அறைக்குத் திரும்பியபோது பாஸ்தியான் சீஸும் குழம்பும் ஊற்றிய, ஆறிப்போன உருளைக்கிழங்கு வறுவலைக் கிளறிக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னாள். முள்கரண்டியோடு அவன் வாய் திறந்தபடியே நின்றது. சீஸ் இழை ஒன்று தாடை வரை நீண்டு தொங்கியது.

"நிஜமாவா மூடறாங்க?"

"ஆமா."

"நீ எழுதினதாலயா?"

"லூசு. நான் எழுதறதுக்கு முன்னாடியே."

"அப்ப ரெண்டு வரி போட்டுட்டுப் போயேன்டி! பத்து நாள்ல எப்படியும் எல்லாருக்கும் தெரியப் போகுது. உன் பட்டயத்த ஏன் கெடுத்துக்கற? நோகாம ஒரு இன்டர்ன்ஷிப். நான் அலைஞ்சு திரிஞ்சு ஒரு செல்போன் விளையாட்டுக் கம்பெனில மிட்டாய் அடுக்கப் போறேன்."

அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. ஓடில் மடிக்கணினியைத் திறந்தாள். காலையில் ஜோசியானுக்குத் தட்டிய பதில் போகாமல் அப்படியே இருந்தது. 'விளையாட்டுதான், மன்னிச்சிடுங்க.' இப்போது ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அது போய்ச் சேரும். வியாழக்கிழமை ஜோசியான் நோட்டரியின் எதிரே உட்கார்ந்து நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவாள். அடுத்த வெள்ளிக்கிழமை கேக் சாப்பிடுவாள்.

ஓடில் அந்த வரியை அழித்தாள்.

புதன் காலை ஒன்பது மணிக்குத் திருத்தத்தை எழுதி முடித்தாள். பாஸ்தியான் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தான். வாசித்துவிட்டு, நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

"ஓடில். இது ரோஜாவா, கறுப்பா?"

"கறுப்பு."

"ஒருதடவை நல்லா வாசிச்சுட்டியா?"

"நாலு தடவை."

ஒன்பது ஐந்துக்கு அனுப்பினாள். லோரியேவின் போன் அன்று பையில் இருந்ததால் டிராகன் எதுவும் அறியாமல் பறந்துகொண்டிருந்தது. ஒன்பது ஏழுக்கு ஜோசியான் பதில் போட்டாள்: 'நோட்டரிகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். உனக்கு நன்றி சொல்றதா திட்டறதான்னு தெரியல, சாயங்காலம் யோசிச்சு சொல்றேன்.' ஒன்பது எட்டுக்கு மேடம் லக்காஸ் வாசல் வரை வந்து திரும்பிப் போனார். ஒன்பது பத்துக்கு எமரிக் பாரேயிடமிருந்து ஒரு மின்னஞ்சல். அதில் அவளுடைய கடிதம் இணைக்கப்பட்டிருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் குறுக்கே ஒரு கோடு.

மடலில் இருந்தது இவ்வளவுதான்:

'திருத்தம். நேற்றைய செய்தியில் ஊதா ரக்கூன் மூடப்படும் தேதி மார்ச் 99 எனத் தவறாக வந்துவிட்டது. சரியான தேதி மார்ச் 14. செய்தியில் வேறு மாற்றம் இல்லை. கேக் உண்டு.

வளாகச் செய்தி. மே மாத இன்டர்ன்ஷிப்புக்கு இடம் தேடுகிறாள் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி. பனி அள்ளும் லாரி ஓட்டத் தெரியும், திரையில் மட்டும். அனுப்புவதற்கு முன் வாசித்துப் பார்க்கும் பழக்கம் புதிதாக வந்திருக்கிறது.'