நிலை எடை

அந்தப் பரிசோதனைக்கூடத்தில் அவளைத் தராசம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வயல்களிலிருந்து வரும் மண்ணைச் சூட்டில் உலர்த்தி, ஆறவைத்து நிறுப்பாள். மறுபடியும் உலர்த்துவாள், நிறுப்பாள். அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே எடை வந்தால்தான் பதிவேட்டில் ஏற்றுவாள். அதற்கு நிலை எடை என்று பெயர்.

சில மாதங்களாகத் தரை அவள் காலில் ஒட்டவில்லை. சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பியது. மற்றவர்கள் பேசுவது தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. தராசின் கண்ணாடிக் கூண்டுக்குள் எண்கள் மெல்ல இறங்குவதைப் பார்ப்பது மட்டும் சுகமாக இருந்தது.

ஒருநாள் மேலாளர் பதிவேட்டோடு வந்தார்.

"தராசம்மா, கிராம் போடற இடத்துல கிலோ போட்டிருக்கீங்க. இது ஒரு கைப்பிடி மண்ணா, ஒரு ஆளா?"

எல்லோரும் சிரித்தார்கள். அது அன்று காலை வீட்டு எடை மெஷினில் அவள் பார்த்த எண். மேலாளர் எண்ணைப் பார்த்தார், அவள் மணிக்கட்டைப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது. அவளுடைய அக்காவுக்குப் போன் செய்தார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "மெஷினுக்கு முதுகைக் காட்டி நில்லும்மா. நம்பர் எங்ககிட்ட இருக்கட்டும்" என்றாள்.

"நம்பர் பாக்கறதுதான் என் வேலையே."

"அதான் உனக்கு லீவு விட்டாச்சு."

டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். "இது அனோரெக்சியா. எடை ஏறிடுமோன்னு சாப்பாட்டுக்கே பயப்படற நோய், அடம் இல்ல. பட்டினி கிடந்தா மூளையும்தான் வாடும். பயம் மட்டும் வளரும். நாடி ரொம்ப மெதுவா ஓடுது. இங்க தங்குனா சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம். பயத்தைப் பத்தியும் பேசலாம்."

"நான் திட்டித் திட்டித்தான் இப்படி ஆயிட்டாளா?" என்றாள் அக்கா.

"யாராலயும் இல்லம்மா." டாக்டரம்மா தராசம்மா பக்கம் திரும்பினார். "எந்த எடை வந்தா போதும்னு நிறுத்துவே?"

"அது இறங்காம நிக்கணும். ரெண்டு தடவை ஒரே மாதிரி வரணும்." மண் உலர்த்தும் கதையைச் சொன்னாள்.

"அப்போ அந்த மண்ணுல என்ன மிஞ்சும்?"

"தண்ணி போயிடும். புழு, வேர், விதை..." தன் மணிக்கட்டைப் பார்த்தாள். "உயிரோட எதுவும் இருக்காது."

ஜன்னல் திரை மெதுவாக உப்பி அடங்கியது. அறை எங்கோ மிதந்துகொண்டிருந்தது. அக்காவின் கை மட்டும் கனமாக, சூடாக அவள் தோளில் இருந்தது.

"தங்கறேன்" என்றாள்.

சாயங்காலம் ரொட்டியும் பாலும் வந்தன. ஒரு துண்டைக் கையில் எடுக்கவே அரைமணி நேரம் ஆனது. வேண்டாம், வேண்டாம் என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சியது.

"பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான்டி. மெல்லு."

அழுதுகொண்டே மென்றாள்.