முதலில் சொன்னவன்

மூன்றாம் முறை அழைத்தபோதும் அம்மா வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். மகள் கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு, மருத்துவமனை எழுத்தர் நீட்டிய நான்காம் தாளில் கையெழுத்திட்டாள். தந்தையின் மூச்சு அடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அதைத் தொலைபேசியில் சொல்ல அவளுக்கு எண்ணமில்லை. "வந்துகொண்டிருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வீடு சேர்ந்து, அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு சொல்ல வேண்டும். தந்தைக்காகச் செய்ய இனி அது ஒன்றே எஞ்சியிருந்தது.

“மேடம், போன மாசம் இங்க வந்து பேசினது நீங்கதானே?” என்றார் எழுத்தர். “தகவல் பாதுகாப்பு, உரிமைன்னு. நல்லா பேசினீங்க. அன்னைக்கு நாற்காலியெல்லாம் நான்தான் போட்டேன்.”

அவள் தலையசைத்தாள். தம் தகவல்மீது மக்களுக்குள்ள உரிமையைச் சந்தையிலும் பள்ளியிலும் எடுத்துரைப்பது ஆறாண்டுகளாக அவளது பணி. கைப்பையில் இப்போதும் ஒரு கட்டுத் துண்டறிக்கை இருந்தது.

“இனி நீங்க எதுக்கும் அலைய வேண்டாம். எல்லாம் கணினியில ஏத்தியாச்சு. அவங்களே கூப்பிடுவாங்க.”

“யாரு?”

“அதான், இந்த நேரத்துக்கு வேண்டியவங்க.”

அவர் அதை நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். தாள்கள் அடங்கிய கோப்பை வாங்கிக்கொண்டு அவள் வெளியே நடந்தாள்.

வாடகை வண்டியில் அமர்ந்து நான்காம் முறை அழைத்தாள். பதில் மாறவில்லை.

தந்தை பூட்டு பழுதுபார்ப்பவர். மாற்றுச் சாவி செய்ய மெழுகில் அச்செடுப்பார். சாவி பொருந்தியதும், கொண்டுவந்தவர் கண்ணெதிரிலேயே அந்த மெழுகைப் பிசைந்து உருவழிப்பார். “அடுத்தவன் வீட்டு வாசல் என் கையில ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது” என்பார். மெழுகின் மஞ்சள் அவர் நகக்கண்ணை விட்டு அகன்றதே இல்லை. இன்று காலையும் இருந்தது.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அம்மா சாப்பாட்டு மேசையருகே அமர்ந்திருந்தாள். எதிரே கைப்பேசி, மடியில் தந்தையின் சாம்பல்நிறக் கால்சட்டையும் தையல் நாடாவும்.

“உட்காருடி. மாடி ஏறி வந்ததுல மூச்சு வாங்குது பாரு.”

“யார்கிட்டம்மா இவ்வளவு நேரம் பேசிட்டிருந்தே?”

“தெரியல. கனிவான குரல். ‘உங்க கணவர் மறைவுக்கு வருந்துறோம்மா’ன்னு ஆரம்பிச்சான். ஆள் மாறிக் கூப்பிட்டுட்டேப்பான்னு சொன்னேன். அப்பா பேரைச் சொன்னான். எழுபத்தொரு வயசுன்னான். சிறுநீரகம்னான். படுக்கை எண்ணைக்கூட சொன்னான். அப்புறம் நான் மறுத்துப் பேசல.”

மகள் நின்றபடியே இருந்தாள்.

“பெட்டிக்கு உயரம் கேட்டான். அஞ்சடி ஏழுன்னு சொல்லிட்டேன். போனை வெச்சதுக்கப்புறம் சந்தேகம். தப்பா சொல்லிடக் கூடாதேன்னு இதை எடுத்து அளந்தேன். அதுக்குள்ள பூக்காரன். அப்புறம் வண்டிக்காரன். ஒருத்தன் விட்டா இன்னொருத்தன், உங்கப்பா கடையில சாவிக்கு நிக்கிற கூட்டம் மாதிரி.” நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்: “என் நம்பர் எப்படிடி அவனுங்களுக்குக் கிடைச்சுது?”

மகள் மருத்துவமனைக் கோப்பைத் திறந்தாள். நேற்றுக் காலை, தந்தையைத் தள்ளுபடுக்கையில் கிடத்தியிருந்தபோது நின்றபடியே நிரப்பிய சேர்க்கைப் படிவத்தின் நகல் மேலேயே இருந்தது. கண்ட இடத்தில் சொந்த எண்ணைத் தராதீர்கள் என்று ஊருக்கு உரைத்து உரைத்து, எந்தப் படிவத்திலும் தன் எண்ணை எழுதாத பழக்கம் அவளுக்குப் படிந்திருந்தது. கைக்கு வந்தது அம்மாவின் எண். அதன் கீழே எறும்பளவு எழுத்தில் ஒரு வரி: எங்களுடன் இணைந்த சேவை நிறுவனங்களுக்கு இவ்விவரங்களை அளிக்க இசைகிறேன். பக்கத்துக் கட்டத்தில் ஒரு சரிக்குறி. வாலை நீட்டி இழுக்கும் அவளுடைய சரிக்குறி.

அந்தக் கனிந்த குரலை எண்ணியபோது எழுந்த அருவருப்பு, குறியைக் கண்டதும் தன் விரல்களின்மேலேயே திரும்பியது. வழியெல்லாம் வாய்க்குள் பொத்திக் கொண்டுவந்த சொல், யாரோ முகர்ந்து எறிந்த பூவாய்க் கிடந்தது.

“நான்தான்மா எழுதிக் கொடுத்தேன். படிக்காம.”

அம்மா தாளை வாங்கவில்லை. குறியை மட்டும் எட்டிப் பார்த்தாள். “நீயா?” என்றாள்.

பிறகு கால்சட்டையை மடிப்புக் கலையாமல் மடித்து மேசையில் வைத்தாள். பக்கத்து நாற்காலியைக் காலால் மெல்ல வெளியே தள்ளினாள்.

“உட்காரு. எனக்கு யாரும் எதுவும் சொல்லல. இப்போ நீ சொல்லு.”

மகள் அமர்ந்து அந்தக் கையைப் பற்றினாள். “அம்மா,” என்றாள்.

கைப்பேசி அதிரத் தொடங்கியது. ஒவ்வோர் அதிர்வுக்கும் விரலளவு நகர்ந்து அது மேசையின் விளிம்பை நோக்கி ஊர்ந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். பற்றிய கைகளை யாரும் எடுக்கவில்லை.