கரட்டை நசுக்காத கண்ணாடி

ஹட்டன் பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் சிதம்பரநாதனைவிட அவருடைய கார் வயதில் மூத்தது. வீட்டில் மரியாதையும் அதற்குத்தான் கூடுதல். அதன் கண்ணாடிகள் கைப்பிடியைச் சுற்றி ஏற்றுபவை அல்ல. பொத்தானை அமர்த்தினால் கதவுக்குள் இருக்கும் சிலிண்டரில் எண்ணெய் அழுத்தம் கூடி, கண்ணாடியைத் தூக்கும். அந்தச் சிலிண்டர் சில வருடங்களாகத் தூக்குவதை விட்டுவிட்டு ஒழுகுவதை மட்டும் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

இப்போது அவசரம் அவர் மனைவி ரத்னாவால் வந்தது. பாரிசவாதத்தில் அவருடைய இடது கை மரத்துப்போயிருந்தது. கண்ணாடியை இறக்கி, அந்தக் கையை வெளியே போட்டுக்கொண்டு, பிறந்த ஊரான மஸ்கெலியாவுக்கு ஒருதரம் போய்வர வேண்டும் என்றார். வழியில் பனி இறங்கினால் கண்ணாடியை ஏற்றவும் முடிய வேண்டும்.

மெக்கானிக் துஷாந்துக்குச் சிலிண்டரின் ஒழுக்கை அடைக்க அசல் ரப்பர் எங்கும் கிடைக்கவில்லை. லொறி கிளச் சிலிண்டரின் ரப்பரைப் பொருத்தினான். இரண்டிலும் ஓடுவது பிரேக் ஒயில்தான் என்பதால் அந்த ரப்பர் ஊறி உப்பாது. பரீட்சைக்கு ஒரு கந்தப்பளை கரட் கிழங்கைக் கண்ணாடியின் இடுக்கில் வைத்தான். கரட் முறிந்து, ஒரு பாதி கராஜுக்கு வெளியே போய் விழுந்தது.

“ஏறுதுல்ல, பெறகென்ன தம்பி? கரட்டுதானே,” என்றார் சிதம்பரநாதன்.

“கரட்டும் கத்தாது, அம்மாவும் கத்த மாட்டாங்க மொதலாளி. அந்தக் கைக்கு வலி தெரியாதே.”

அவர் முறிந்த கரட்டைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயைத் திருப்பி அனுப்பும் வால்வு ஒன்றைத் துஷாந்த் பொருத்தினான். அடுத்த கரட்டில் கீறல்கூட இல்லை. ஆனால் பலம் குறைந்த கண்ணாடி, உச்சியில் ஒரு விரல் இடைவெளி விட்டு நின்றுகொண்டது.

சனிக்கிழமை காரை வீட்டுக்குக் கொண்டுபோய், “இது போதுங்க, நாளைக்கே போவலாம்,” என்றான்.

“பனி உள்ள வரும். இவளுக்குச் சளி புடிச்சிரும். முழுசா மூடிக் குடு, அடுத்த ஞாயித்துக்கெழம போவோம்.”

“சளிக்கு மருந்து இருக்கு. இவருக்குத்தான் இல்ல,” என்றார் ரத்னா, கதிரையில் சாய்ந்தபடி.

துஷாந்த் காரைத் திருப்பிக் கொண்டுபோய், கண்ணாடி ஓடும் தடத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சீராக்கினான். புதன்கிழமை இடைவெளி அரை விரலானது. வியாழக்கிழமை காலை ரத்னா போய்விட்டார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கார் நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மயானத்துக்குத் துஷாந்த்தான் ஓட்டினான். பின்சீட்டில் இடது பக்கம், ரத்னா உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில், சிதம்பரநாதன் கையை வெளியே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் மழை பிடித்தது. துஷாந்த் பொத்தானை அமர்த்தினான். கண்ணாடி ஏறி, கையைத் தொட்டு, நின்றது.

“கைய எடுங்க மொதலாளி. நனையுது.”

“அமுக்கலையே தம்பி.”

கார் அடுத்த வளைவில் திரும்பியது.

“அன்னைக்கே போயிருக்கலாம்,” என்றார் அவர்.

துஷாந்த் பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். மழை உள்ளே வந்தது.