மூன்று வாரமாக எரிந்த மஞ்சள் விளக்கு

2019 மார்ச் 14, வியாழக்கிழமை காலை பத்து ஐம்பதுக்கு, ஜமைக்காவின் மாண்டெவில் நகர ஓட்டுநர் தேர்வு மைதானத்தில், பதினான்காம் எண் சீட்டை வைத்திருந்த வெரோனா பினக் வேறு யாருடையதோ ஒரு வெள்ளைக் காரின் கதவைத் திறக்க முயன்றுகொண்டிருந்தாள்.

உள்ளே இருந்த மனிதர் தின்றுகொண்டிருந்த ஈஸ்டர் பன்னை மடியில் வைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.

"நர்ஸ், இதுல நான் உக்காந்திருக்கேன்" என்றார்.

அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகர்ந்தாள். மதியம் இரண்டு மணிக்கு வேலை இருந்ததால் வெள்ளைச் சீருடையிலேயே வந்திருந்தாள். அதனால் அன்று அங்கிருந்த எல்லோருக்கும் அவள் நர்ஸ்தான். மைதானத்தில் அதே மாதிரி வெள்ளைக் கார்கள் நான்கு நின்றன. நான்கும் ஜப்பானில் ஓடி முடித்துக் கப்பலில் வந்தவை. நான்கிலும் சிவப்பு எல் அட்டை கட்டியிருந்தது. எந்த வண்டியின் பக்கத்தில் நின்று சாவிப் பொத்தானை அழுத்தினாலும் எதுவும் நடக்கவில்லை. கடைசியில் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த தேவாலயத்தின் பெயரைப் பார்த்துத் தன் அக்கா கணவர் லாசெல்ஸின் காரைக் கண்டுபிடித்தாள். அங்கும் அழுத்தினாள். கதவு அசையவில்லை. சாவியில் எப்போதும் மின்னும் சின்னச் சிவப்புப் புள்ளியும் மின்னவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு முன் லாசெல்ஸ்தான் அவளைக் கூட்டி வந்து, வண்டியை நிழலில் நிறுத்திப் பூட்டினார். அப்போது சாவி வேலை செய்தது. கிறிஸ்டியானா ஊரில் அவர் பார்த்துக்கொள்ளும் உருளைக்கிழங்குக் குளிர்கிடங்கின் இயந்திரம் நின்றுபோய்விட்டது என்று அழைப்பு வந்ததும் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஷேர் டாக்ஸி பிடித்துப் போய்விட்டார். தேர்வு முடிந்ததும் அங்கேயே காத்திருக்கச் சொல்லியிருந்தார்.

வெரோனாவுக்கு நாற்பத்து மூன்று வயது. இரண்டு முறை இதே மைதானத்தில் தோற்றிருந்தாள். இது மூன்றாவது முறை. வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாய் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஒன்று கிடைத்திருந்தது. கிளினிக் கார் கொடுக்கும். ஆனால் தேர்ச்சிச் சீட்டை வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்திருப்பவருக்கு அந்த இடம் போகும். மைதானத்தில் அடுத்த தேர்வுத் தேதி கேட்டால் ஆறு வாரம் தள்ளித்தான் கொடுப்பார்கள்.

தேர்வாளர் வைலி அப்போது பதினோராம் எண்ணை முடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். ஒல்லியான மனிதர்; கையில் அட்டை, காதில் பென்சில். அவரிடம் நேரே போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் சாவியையும் காரையும் பார்த்தார். பன்னிரண்டு மணிக்கு மைதானம் மூடும் என்றும், அவள் எண் வரும்போது வண்டி ஓடிக்கொண்டிருந்தால் தேர்வு, இல்லாவிட்டால் வராதவர் கணக்கு என்றும் சொல்லிவிட்டுப் பன்னிரண்டாம் எண்ணைக் கூப்பிட்டார்.

தேர்வுக்கு வந்த பெண்ணொருத்திக்காகக் காத்திருந்த டாக்ஸிக்காரர் கார்லைல் முதலில் உதவிக்கு வந்தார். சாவியை வாங்கித் தோளில் தேய்த்தார், கதவுக்கு மிக அருகில் வைத்து அழுத்தினார், தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தும் அழுத்தினார். பிறகு அதன் பக்கவாட்டில் இருந்த சிறிய தாழ்ப்பாளைத் தள்ளினார். உள்ளிருந்து விரல் நீளத்துக்கு ஓர் இரும்புச் சாவி வந்தது. நான்கு மாதமாக அந்தக் காரில் பயிற்சி எடுத்த வெரோனாவுக்கு அதற்குள் ஒரு சாவி இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதை ஓட்டுநர் கதவில் நுழைத்துத் திருப்பினாள். கதவு திறந்தது. உடனே வண்டி அலறத் தொடங்கியது. மைதானம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மறுகோடியில் பன்னிரண்டாம் எண் பின்னால் எடுத்த வண்டி கம்பத்தில் இடித்தது. வெரோனா கதவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். அரை நிமிடம் கத்திவிட்டு அலறல் தானாகவே நின்றது.

"திருடி மாதிரி உள்ள போனா அது கத்தத்தான் செய்யும், நர்ஸ்" என்றார் கார்லைல். "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க. கேக்கறவங்களுக்கு நான் சொல்லிக்கறேன்."

பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் எழவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் சாவிப் படம் ஒன்று மஞ்சளாக எரிந்தது. அதன் கீழே ஒரு வரி ஜப்பானிய எழுத்து. அந்த மஞ்சள் படம் அவளுக்குப் புதிதல்ல. மூன்று வாரமாக ஒவ்வொரு நாளும் வண்டியை அணைக்கும்போது வந்து போனது. அது என்னவென்று கேட்டபோது, பழைய முதலாளி ஞாபகம் வந்து வண்டி கடிதம் எழுதுகிறது, நமக்கு வந்ததல்ல என்று லாசெல்ஸ் சொல்லியிருந்தார். வண்டியோடு வந்த கையேடும் ஜப்பானிய மொழியில்தான் இருந்தது. அது வீட்டில் ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் கிடந்தது.

இதற்குள் ஆறேழு பேர் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை. சாவியைக் குவளை வைக்கும் குழியில் போட்டால் வண்டி எடுத்துக்கொள்ளும் என்றார் ஒருவர். அவர் வண்டியில் அப்படித்தானாம். வண்டி பேட்டரிதான் போய்விட்டது, இன்னொரு காரிலிருந்து கம்பி போட வேண்டும் என்றார் இன்னொருவர். அப்படியானால் இவ்வளவு சத்தமாக அலறியது எந்த பேட்டரி என்று கார்லைல் கேட்டார். பன் தின்றவர் கீழே இறங்கி வந்து, சாவிக்குள் இருக்கும் காசு மாதிரியான பேட்டரியை எடுத்துப் பல்லில் கடித்தால் ஒரு தடவைக்கு வேலை செய்யும் என்றார். வெரோனா குழியில் போட்டுப் பார்த்தாள். பேட்டரியைக் கழற்றிச் சீருடையில் துடைத்து மாட்டியும் பார்த்தாள். கடிக்க மட்டும் மறுத்துவிட்டாள். சாவியைப் பொத்தானுக்கு எதிரே பிடித்து அழுத்தியும் ஒன்றும் ஆகவில்லை. மணி பதினொன்று இருபது. வைலி பதின்மூன்றாம் எண்ணோடு சாலைக்குப் போனார்.

இருபத்திரண்டு வருடமாக ஓட்டுநர் பள்ளி நடத்தும் மிஸ் டெல்சி அதுவரை தன் காரின் முன்மூடியில் சாய்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது வந்து கூட்டத்தை விலக்கினார்.

"சாவியோட முகத்தக் காட்டாதம்மா, முதுகக் காட்டு" என்றார். "கம்பெனி முத்திரை இருக்குல்ல, அந்தப் பக்கம் பொத்தான்ல படணும். பிரேக்ல கால் வை. சாவியால தொடு. பீப்னு கேக்கும். கேட்டப்புறம் அழுத்து. அவசரப்படாத."

வெரோனா அப்படியே செய்தாள். பீப் என்றது. அழுத்தினாள். இயந்திரம் எழுந்தது. கூட்டம் கைதட்டியது. நான்கு வினாடி ஓடியது. பிறகு இருமிவிட்டு நின்றது.

மறுபடி சாவியைப் பிடித்தாள். பீப் என்றது. இம்முறை இரண்டு வினாடி. மூன்றாம் முறை சுழலும் சத்தம் மட்டும் வந்தது; இயந்திரம் பிடிக்கவேயில்லை.

மிஸ் டெல்சி எரிபொருள் முள்ளைப் பார்த்தார். எரிபொருள் கால் தொட்டிக்கு மேல் இருந்தது. காலையில் மலை ஏறி வந்தபோது வண்டி ஒரு முறைகூடத் திக்கவில்லை. செத்த சாவியை வண்டி முதலில் நம்புகிறது, பிறகு யோசித்துப் பார்த்துச் சந்தேகப்படுகிறது என்று ஒருவர் விளக்கினார். அப்படியானால் யோசிக்க விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் இன்னொருவர்.

"வண்டிக்கு ஒங்களப் புடிக்கல, நர்ஸ்" என்றார் கார்லைல். அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் குழப்பமாகவே இருந்தது.

வெரோனா லாசெல்ஸைக் கூப்பிட்டாள். இரண்டு முறை மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை எடுத்தார். பின்னால் இயந்திரச் சத்தம். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று அவள் ஒலிபெருக்கியைப் போட்டு, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். சாவி செத்தது, இரும்புச் சாவி, அலறல், முத்திரைப் பக்கம், நான்கு வினாடி, இரண்டு வினாடி.

"பக்கத்துல யாரு இருக்கா?" என்று லாசெல்ஸ் கேட்டார்.

"எல்லாரும் இருக்காங்க."

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா?"

"ஆமா."

"எடு அத. காதுல வெச்சுக்கோ. கண்ணாடிய ஏத்து."

கூட்டத்தில் ஒரே சமயத்தில் பல பேர் "ஓ" என்றார்கள். வெரோனாவைத் தவிர எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கார் வைத்திருக்கும் யாரும் அந்த ஊரில் பூட்டை மட்டும் நம்பி இரவு தூங்குவதில்லை. எரிபொருள் பம்புக்குப் போகும் கம்பியை வெட்டி, நடுவே ஒரு சுவிட்சு வைத்து, அதை எங்காவது ஒளித்திருப்பார்கள். திருடன் வண்டியை எடுத்தாலும், குழாயில் மிச்சமிருக்கும் எரிபொருள் தீர்ந்து, வாசலைத் தாண்டுவதற்குள் நின்றுவிடும். அது எங்கே இருக்கிறது என்று மனைவிக்குச் சொல்லாதவர்களும் உண்டு. அன்று காலை வண்டியை நிறுத்தியபோது லாசெல்ஸின் கை தினமும் செய்வதைச் செய்துவிட்டு இறங்கியிருக்கிறது. அவருக்கே அது நினைவில்லை.

மிஸ் டெல்சி முதலில் திரும்பிக்கொண்டார். பிறகு கார்லைல். பிறகு பன்காரர். பணம் எடுக்கும் இயந்திரத்தில் ஒருவர் எண்ணை அழுத்தும்போது பின்னால் நிற்பவர்கள் செய்வதுபோல, ஏழு பேரும் காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிரே இருந்த மாமரத்தைப் பார்த்தார்கள்.

மூடிய காருக்குள் வெரோனாவுக்கு வியர்த்தது. லாசெல்ஸ் கிசுகிசுத்தார். இயந்திரச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. வலது முழங்காலுக்கு மேலே சில்லறை போடும் பெட்டி, அதை வெளியே இழு, பின்னால் கையை விடு என்றார். விட்டாள். ஒன்றுமில்லை என்றாள்.

"இரு. அது பழைய இடம். கிறிஸ்துமஸ்ல மாத்துனேன்."

"எங்க மாத்துனீங்க?"

"அதான் யோசிக்கறேன். என் கைக்குத் தெரியும், வெரோனா. எனக்குச் சட்டுனு சொல்ல வரல."

"அப்ப கைய அனுப்புங்க" என்றாள் அவள். "பதின்மூணு திரும்பி வந்துட்டு இருக்கு."

லாசெல்ஸ் தன் இருக்கையில் உட்கார்ந்திருப்பதுபோல நினைத்துப் பார்க்கிறேன் என்றார். கதவை மூடுகிறேன், இருக்கைப் பட்டையைக் கழற்றுகிறேன், இடது கை கீழே போகிறது, இருக்கையின் பக்கம், கம்பளத்துக்கு அடியில். வெரோனா இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே கம்பள ஓரத்தைத் தூக்கினாள். பழைய காலுறை ஒன்று திணித்திருந்தது. அதை எடுத்ததும் கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு சுவிட்சு தெரிந்தது. மேலே தள்ளு என்றார். இல்லை, கீழே என்றார். அது ஏற்கெனவே மேலே இருந்ததால் அவள் கீழே தள்ளினாள். காலுறையைத் திரும்பத் திணித்துக் கம்பளத்தை மூடினாள்.

பிரேக்கை மிதித்தாள். சாவியின் முதுகால் தொட்டாள். பீப் என்றது. முதல் தடவை வெறுமனே சுழன்றது. இரண்டாம் தடவை இயந்திரம் எழுந்தது. நான்கு வினாடி ஆனது. பத்து ஆனது. நிற்கவில்லை. கார்லைல் திரும்பாமலேயே, இப்போது திரும்பலாமா என்று கேட்டார்.

பதினொன்று நாற்பத்தைந்துக்கு வைலி ஏறி உட்கார்ந்தார். மைதானத்தில் கம்பங்களுக்கு நடுவே பின்னோக்கி நிறுத்தச் சொன்னார். இரண்டு முறை அவளைத் தோற்கடித்தது அதுதான். இம்முறை சக்கரம் கோட்டுக்குள் நின்றது. எப்படி நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. பயப்படுவதற்கு அவளிடம் மிச்சம் எதுவும் இல்லை. பிறகு சாலைக்கு வந்தார்கள். மேட்டின் பாதியில் வண்டியை ஓரம்கட்டி அணைக்கச் சொன்னார். எல்லோரிடமும் அவர் அங்கே அதைத்தான் சொல்வார்.

"அணைக்கறேன் சார்" என்றாள் வெரோனா. "திரும்ப எழுப்பறதுக்குக் கொஞ்சம் நேரமாகும்."

"எழுப்புங்க. பாக்கலாம்."

அணைத்தாள். மஞ்சள் படமும் எழுத்தும் வந்தன. வைலி பென்சிலால் அதைக் காட்டினார். எச்சரிக்கை விளக்குகளில் மூன்றின் பொருள் கேட்பது அவர் வழக்கம். முதல் கேள்வியாக இதையே கேட்டார்.

"இது என்ன சொல்லுது?"

"சாவிக்குள்ள இருக்கற பேட்டரி தீரப்போகுதுன்னு சொல்லுது சார். மூணு வாரமா சொல்லிட்டு இருக்கு."

"மூணு வாரமா நீங்க ஏன் மாத்தல?"

"இன்னிக்குக் காலைலதான் புரிஞ்சுது."

வைலி அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தன் வண்டியிலும் இதேபோல ஒன்று வருகிறது, ஆனால் அது சிவப்பு என்றார். என்ன படம் என்று அவள் கேட்டாள். அவர் வண்டியைக் கிளப்பச் சொன்னார். பிரேக், சாவியின் முதுகு, பீப், பொத்தான். வண்டி மேட்டில் பின்னால் சரியாமல் கிளம்பியது. மற்ற இரண்டு கேள்விகளுக்கும் சரியான பதில் சொன்னாள்.

பன்னிரண்டு பத்துக்குத் தேர்ச்சிச் சீட்டில் வைலி கையெழுத்துப் போட்டார். மறுநாள் மதியம் இரண்டரைக்கு வெரோனா அதைக் கிளினிக்கில் காட்டினாள். சனிக்கிழமை லாசெல்ஸ் கைக்கடிகாரக் கடையில் சாவிக்குப் புதிய பேட்டரி வாங்கிப் போட்டார். மஞ்சள் படம் அதன்பின் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்த பிறகு சுவிட்சை வேறு இடத்துக்கு மாற்றினார். திங்கட்கிழமை வெரோனா வேலையில் சேர்ந்தாள்.