சராசரிக்குக் கீழே இருப்பவர்கள்

எங்கள் ஊரில் நடக்கும் சர்வதேசச் சதுரங்கப் போட்டியில் ஆட்டக்காரர்கள் குறையக் குறையக் கூடம் பெரிதாகும். முதல் ஆண்டு இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஆடினார்கள். அரசு மகளிர் பள்ளியின் பிரார்த்தனைக் கூடத்தில் முழங்கை இடிக்க உட்கார்ந்து ஆடினார்கள். எட்டாம் ஆண்டு பத்துப் பேர். அதே கூடம்தான், மேற்குச் சுவர் மட்டும் பேருந்து நிலையத்தைத் தாண்டிப் போயிருந்தது. சென்ற ஆண்டு ஒரே ஒருவர். ஊர் முழுவதும் கூடத்துக்குள் வந்துவிட்டது.

அந்த ஒருவர் வடதேசத்து ஆட்டக்காரர், பெயர் ஓர்லண்ட். ஒன்பது சுற்றுகளும் காலி நாற்காலிக்கு எதிரே ஆடி ஆறரைப் புள்ளி எடுத்தார். தோற்ற இரண்டு ஆட்டங்களும் கறுப்புக் காய்களில்.

போட்டியைத் தொடங்கியவர் ஜைனம்பு டீச்சர். அதே பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் முதல் போட்டிக்கு இருநூற்றுப் பதின்மூன்று பெயர்கள் வந்தன. ஒற்றைப்படை வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் சும்மா உட்கார வேண்டும். டீச்சர் பட்டியலை எடுத்து ஒரு பெயரை அடித்தார். அது அவருடைய பெயர். "அடுத்த வருஷம் ஆடிக்கலாம்" என்றார். நடுவராக இருந்துவிட்டார். அடுத்த ஆண்டும் ஒற்றைப்படைதான் வந்தது.

மூன்றாம் ஆண்டில் இயக்குநர் அனந்தபத்மன் வந்தார். அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு கொள்கை. ஒரு போட்டியின் தகுதி அதில் ஆடுகிறவர்களுடைய தரப்புள்ளிகளின், அதாவது ரேட்டிங்கின், சராசரி. ஆகவே சராசரிக்குக் கீழே இருப்பவர்களை நீக்கினால் போட்டி உயரும். நீக்கிய பிறகும் சராசரிக்குக் கீழே சிலர் இருந்தார்கள். அவர்களையும் நீக்கினார். சராசரிக்குக் கீழே எப்போதும் யாராவது இருந்துகொண்டே இருப்பார்கள். சராசரியின் குணமே அதுதான். மூன்றாம் வகுப்புக் கணக்குப் படித்தவருக்கும் இது தெரியும். எங்கள் ஊரில் அதை உலகத்தரம் என்றார்கள்.

என் பெயர் தாண்டவராயன். இருபத்தாறு ஆண்டுகள் பஞ்சாங்கத்துக்கு மெய்ப்புப் பார்த்தவன். நாழிகையில் பிழை விட்டதில்லை என்பதால் சராசரியைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இடம். மூன்றாம் இடத்தில் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் மேலே ஏற்ற வேண்டும். நான் ஒரு நாளும் தவறாக ஏற்றியதில்லை. என் மீது எனக்குக் கோபம் வருவதும் இதனால்தான். தவறாகச் செய்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆட்டக்காரர் ஒருவர் மட்டும் மிஞ்சிய பிறகு நீக்குவதற்கு யாருமில்லை. வளர்ச்சி நின்றுவிட்டது. இயக்குநர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஜன்னல் வழியே பார்த்தார். கூடத்துக்குள் பதினாலாயிரத்து இருநூற்று ஆறு பேர் நடமாடிக்கொண்டிருந்தார்கள். மீன் விற்றுக்கொண்டும், சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டும், ஜாதகம் பார்த்துக்கொண்டும். எல்லோரும் கூடத்துக்குள் இருந்தார்கள். ஒருவர் பெயரும் சராசரியில் சேரவில்லை.

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?" என்று என்னைக் கேட்டார்.

"நீங்க கேக்கலை சார்" என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்றுவரை வருந்துகிறேன்.

ரேஷன் கடையில் எல்லோருக்கும் தேர்வு வைத்தார்கள். வரிசையில் நின்று ஒரு சதுரங்கப் புதிரைத் தீர்த்து, தரப்புள்ளி அட்டையை வாங்கிக்கொண்டு, அப்படியே சர்க்கரையையும் வாங்கிக்கொண்டு போனார்கள். பேருந்து நிலையத்தில் ஒரு கரும்பலகை வைத்து, காலை ஆறு மணிக்கு ஊரின் சராசரியை எழுதினோம். அதற்குக் கீழே இருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனார்கள். மறுநாள் புதிய சராசரி. முதல் நாள் முடிதிருத்தும் கோட்டைச்சாமி போனார். நான்காம் நாள் இரண்டு டாக்டர்களும் ஒரே ஆட்டோவில் போனார்கள். ஒன்பதாம் நாள் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிடுகிறவர் போனார். அதற்குப் பிறகு ஊரில் யாரும் குளிக்கவில்லை.

கோட்டைச்சாமி போகும்போது என்னிடம் அட்டையைக் காட்டினார். "ஐயா, எண்ணூத்தி நாப்பது போட்டிருக்கு. உங்க தலைய இருபது வருஷம் வெட்டினவன் நான். ஒரு காது போயிருக்கா?"

"இல்லை கோட்டைச்சாமி."

"அப்ப இந்த எண்ணூத்தி நாப்பது எதுக்கு?"

கணக்கு சரியாக இருக்கிறது என்று சொன்னேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பதினான்கு நாளில் ஊரில் நான்கு பேர் மிஞ்சினோம். இயக்குநருக்குத் தரப்புள்ளி கிடையாது; போட்டியை நடத்துவதற்கு ஆடத் தெரிய வேண்டியதில்லை என்று விதியிலேயே இருக்கிறது. சரிபார்ப்பவன் என்பதால் எனக்கும் கிடையாது. நடுவருக்கும் கிடையாது. ஆகவே ஊர்ச் சராசரி ஓர்லண்டின் புள்ளியேதான்: 2840.00. அந்த இரண்டு சுழியத்தையும் நானே போட்டேன்.

ஜைனம்பு டீச்சருடைய பழைய புள்ளி 1104. நடுவராக இருக்கும்வரை அது யார் கணக்கிலும் வராது. ஆடினால் வரும். வந்தால் அவர் அக்கரைக்குப் போக வேண்டும். ஊரில் இருக்கலாம், ஆடக் கூடாது. ஆடலாம், ஊரில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு ஆண்டும் தொடக்க விழா முடிந்து நாங்கள் நாற்காலிகளைச் சரிசெய்யும்போது டீச்சர் கேட்பார்.

"தாண்டவராயன், ஒரே ஒரு ஆட்டம். ஜெயிக்கணும்னு இல்லை. நான் ஆரம்பிச்ச போட்டித் தாள்ல என் பேரு ஒரு தடவை வரணும். விதியில எங்கயாவது சந்து இருக்கா?"

"இல்லை டீச்சர்."

"நல்லாத் தேடினீங்களா?"

"நல்லாத் தேடினேன்."

இந்த ஆண்டு முதல் சுற்று காலை பத்து மணிக்குத் தொடங்கியது. ஓர்லண்ட் வெள்ளை. எதிரே காலி நாற்காலி. நான்கு நகர்த்தல்கள் ஒழுங்காக நடந்தன. கூடம் ஆற்றங்கரைவரை பரந்திருந்ததால் ஆற்றுக் காற்று உள்ளேயே அடித்தது. கறுப்புக் குதிரை ஒன்று சாய்ந்து விழுந்தது.

விழுந்த காயை நிமிர்த்துவது நடுவரின் வேலை. தொடுவதற்கு முன் "சரிசெய்கிறேன்" என்று சொல்ல வேண்டும். பிரெஞ்சில் சொன்னாலும் செல்லும், தமிழில் சொன்னாலும் செல்லும், சொல்லாமல் விட்டால்தான் செல்லாது. சொல்லாமல் தொட்டவர் அந்தக் காயை ஆடியே ஆக வேண்டும். டீச்சர் அந்தச் சொல்லைப் பதினெட்டு ஆண்டுகளாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்னவர். தூக்கத்தில்கூடச் சொல்வதாக அவருடைய கணவர், உயிரோடு இருந்த காலத்தில், என்னிடம் குறைப்பட்டிருக்கிறார்.

டீச்சர் குதிரையைத் தொட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

ஓர்லண்ட் நிமிர்ந்து பார்த்தார். டீச்சர் குதிரையைக் கையில் வைத்துக்கொண்டே காலி நாற்காலியில் உட்கார்ந்தார். குதிரையை ஆடினார். கடிகாரத்தை அழுத்தினார். ஆட்டத் தாளை இழுத்து, பெயருக்கான இடத்தில் தம் பெயரை முதலெழுத்தோடு எழுதினார். ஓர்லண்ட் தலையசைத்துவிட்டு அடுத்த நகர்த்தலை யோசிக்கத் தொடங்கினார்.

கூடத்தின் கூரை நான்கு அடி இறங்கியது. மேற்குச் சுவர் ஆற்றங்கரையை விட்டுப் பின்வாங்கும் சத்தம் கேட்டது.

இயக்குநர் ஓடிவந்தார். "சராசரி என்ன? சராசரி என்ன?"

"1972.00" என்றேன்.

"கீழ இருக்காங்க. வெளியேத்துங்க."

"ஆட்டம் நடக்குது சார். கடிகாரம் ஓடுது."

"நிறுத்துங்கய்யா!"

"கடிகாரத்தை நிறுத்த நடுவருக்கு மட்டும்தான் உரிமை. நடுவர் இவங்கதான். தான் ஆடுற ஆட்டத்துக்குத் தானே நடுவரா இருக்கக் கூடாது. அதனால நிறுத்த ஆள் இல்லை."

"விதியில சந்தே இல்லைன்னு பெருமையா சொல்லுவீரே?"

"இது சந்து இல்லை சார். விதி."

வெளியேற்றவும் வேண்டும், நிறுத்தவும் முடியாது. ஆகவே ஆட்டத்தையே வெளியேற்றினோம். ஊரில் வேறு ஆள் இல்லாததால் மேசையின் ஒரு பக்கத்தை இயக்குநர் தூக்கினார், மறுபக்கத்தை நான். ஓர்லண்ட் இரண்டு நாற்காலிகளையும் தூக்கிக்கொண்டு பலகையைப் பார்த்தபடியே பக்கத்தில் நடந்தார். டீச்சர் தம்முடைய பதினோராம் நகர்த்தலைப் பாலத்தின் நடுவில் ஆடினார். அந்த நகர்த்தல் சுமார்தான். இயக்குநருக்கு மூச்சு வாங்கியது.

"ஆட்டாதீங்க சார், காய் விழுந்தா நான் தொட வேண்டியிருக்கும்" என்றார் டீச்சர்.

அக்கரையில் பதினாலாயிரம் பேரும் எழுந்து நின்றார்கள். வழிவிட்டார்கள். மணலில் மேசையை வைத்தோம். ஒரு கால் புதைந்தது; கோட்டைச்சாமி ஒரு செங்கல்லை அடியில் கொடுத்தார்.

"யானையைக் காப்பாத்துங்க டீச்சர்!" என்றார் பின்னாலிருந்து மீன்காரப் பாக்கியம்.

"ஏய், ஆட்டத்துக்கு நடுவுல பேசாத. வெளிய போகச் சொல்லிருவாங்க" என்று பக்கத்திலிருந்தவர் அதட்டினார்.

"இதுக்கு மேல எந்த வெளிய?"

எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. யாரோ ஓர்லண்டின் தலைக்கு மேல் குடை பிடித்தார்கள். இன்னொருவர் டீச்சருக்குப் பிடித்தார். ஓர்லண்டுக்கு இருபத்தெட்டாம் நகர்த்தலில் டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். சென்ற ஆண்டு முழுவதும் அவருக்கு ஒருவரும் எதுவும் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

டீச்சர் யானையைக் காப்பாற்றவில்லை. நாற்பத்தாறாம் நகர்த்தலில் ராஜாவைச் சாய்த்தார். கைகொடுத்தார்.

"தோத்தாச்சு" என்றார், ஊருக்கே கேட்கும் குரலில். அந்தக் குரலுக்குத்தான் ஒரு காலத்தில் அறுநூறு பெண்கள் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். "தாண்டவராயன், முடிவை எழுதுங்க. எனக்கு நேரா சுழியம். சிக்கனமாப் போட்டுராதீங்க, நல்லா வட்டமாப் போடுங்க."

நான் பேனாவைத் திறந்தேன். இயக்குநர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"யோசிச்சுப் பாருங்க. ரெண்டு பேரும் கூடத்துக்கு வெளிய இருக்காங்க. இந்த ஆட்டம் நடக்கலைன்னு எழுதிட்டா போட்டியில ஆட்டக்காரர் சுழியம். ஒண்ணை விடக் கம்மி. உலகத்துல எந்தப் போட்டிக்கும் இந்தத் தகுதி இல்லை. கையெழுத்து மட்டும் போடுங்க."

"சுழியத்தால வகுக்க முடியாது சார். சராசரின்னு ஒண்ணு வராது."

"வராதது இன்னும் நல்லது. அதை யாராலயும் மிஞ்ச முடியாது."

பஞ்சாங்கத்தில் ஒரு முறை, அச்சகத்து முதலாளி ஒரு அமாவாசையை எடுத்துவிடச் சொன்னார், பக்கம் மிஞ்சுகிறதாம். அன்று எனக்கு வந்த அளவு கோபம் அதன் பிறகு வந்ததில்லை. இப்போது வந்தது. பதினான்கு நாளாகக் காலை ஆறு மணிக்கு வந்திருக்க வேண்டியது எல்லாம் சேர்ந்து பிற்பகல் மூன்றரைக்கு வந்தது. கை நடுங்கினால் எண் கோணும். அதனால் நடுங்காமல் பார்த்துக்கொண்டேன்.

"கையை எடுங்க" என்றேன்.

எடுத்தார். நான் எழுதினேன். ஓர்லண்டுக்கு நேரே ஒன்று. டீச்சருக்கு நேரே சுழியம், நல்ல வட்டமாக. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

இயக்குநர் தாளை வாங்கி நான்காகக் கிழித்து ஆற்றில் போட்டார். பிறகு அங்கேயே ஒரு அட்டையை எடுத்து, என் பெயரை எழுதி, எனக்கு 790 போட்டார். கோட்டைச்சாமியை விட ஐம்பது குறைவு. தாண்டவராயன் என்பதில் ஒரு துணைக்காலை விட்டு எழுதியிருந்தார். நான் திருத்திக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டேன். அவர் தனியாகப் பாலத்தின் மேல் திரும்பி நடந்தார்.

ஆட்டத் தாள்கள் எப்போதும் இரட்டை. நடுவில் கார்பன் வைத்திருக்கும். மேல் தாள் போட்டிக்கு, அடித்தாள் ஆட்டக்காரருக்கு. டீச்சர் அடித்தாளை மடித்துக் கைப்பையில் வைத்து, ஜிப்பை இழுத்து, பையை மடியில் வைத்துக்கொண்டார்.

இயக்குநர் ஊர்க்கரை சேர்ந்த கொஞ்ச நேரத்தில் கூடம் வளரும் சத்தம் கேட்டது. மேற்குச் சுவர் விரைவாக வந்தது. கரையைத் தாண்டி, தண்ணீரில் இறங்கி, மறு ஓரத்தில் எங்களிடமிருந்து பத்தடி தள்ளி நின்றது. ஆறு கூடத்துக்குள் போய்விட்டது. உள்ளே இயக்குநர் ரேஷன் கடைப் புதிரை உரக்கப் படிப்பது கேட்டது. பதில் ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தரை மணிக்கு ஆறு வெளியே வந்தது. அதற்கு இயக்குநர் 610 போட்டிருந்தார். சுவரின் அடியில் கசிந்து, அட்டையை மேலே மிதக்கவிட்டபடி, எங்களுக்கும் சுவருக்கும் நடுவில் வந்து படுத்தது. பாக்கியம் பாயை இழுத்து இடம்விட்டார். நாங்கள் மேசையைத் தூக்கி மேட்டில் வைத்தோம். ஓர்லண்ட் காய்களை மறுபடி அடுக்கினார். டீச்சர் எழுந்து நாற்காலியைக் காலியாக்கினார். தண்ணீர் மெதுவாக நாற்காலியை நோக்கி ஏறியது.

"வரிசையில வா" என்றார் கோட்டைச்சாமி. "அடுத்த ஆட்டம் எனக்கு. உனக்கு அதுக்கப்புறம்."

ஆறு பின்வாங்கி அவருக்குப் பின்னால் நின்றது.