மிக்கேல் ஐஸ்லாந்து போய் வந்தார்

பல்கலைக்கழகத்தின் படைப்பெழுத்துத் துறையில் வருடத்துக்கு ஒருமுறை கதாபாத்திரங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். நம் மாணவர் எழுதிய ஆள் ஒருவர் அங்கே போவார். அந்த ஊர் மாணவர் எழுதிய ஆள் ஒருவர் இங்கே வருவார். போனவர் விட்டுப்போன இடத்தில் வந்தவர் இருக்க வேண்டும். பருவம் முடிந்ததும் இருவரும் அவரவர் கதைக்குத் திரும்பிவிடுவார்கள். அதற்குள் அவர்களிடம் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்து எழுதுவதுதான் பேராசிரியர் செண்பகவல்லியின் ஆராய்ச்சி.

அந்த வருடம் ஐஸ்லாந்துக்குப் போக மிக்கேலைத் தேர்ந்தெடுத்தாள். மிக்கேல், ஜெசிந்தா என்ற மாணவியின் கதையில் வரும் அப்பா. ஜெசிந்தாவுக்குத் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊர். அவளுடைய நிஜ அப்பா பெயரும் மிக்கேல்தான். ஓர் ஆடி மாதம் வள்ளத்தில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. கதையில் திரும்பி வந்து, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, சாளை மீன் குழம்பு ஊற்றிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அம்மா லூர்தம்மாள் பரிமாறிக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான் கதை. துறையின் மாடியில் ஒவ்வொரு கதைக்கும் ஓர் அறை உண்டு. ஜெசிந்தாவின் அறையிலிருந்து புளி கொதிக்கும் வாசம் வராண்டா முழுக்க அடிக்கும்.

“வேற யாரையாவது அனுப்புங்க மேடம். அப்பா சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க” என்றாள் ஜெசிந்தா.

“வந்து சாப்பிடட்டும். இந்த வருஷம் நீங்க எல்லாரும் எழுதினதுல உயிரோட இருக்கிற ஆள் உங்கப்பா ஒருத்தர்தான்.”

மிக்கேல் ஒரு கவளத்தைக் கையில் பிடித்தபடியே விமானம் ஏறினார்.

அங்கிருந்து ஹெல்கா வந்தாள். தொலைந்துபோன செம்மறியாடு ஒன்றை மலையில் தேடிக்கொண்டே இருக்கும் பெண் அவள். இனி அங்கே மிக்கேல் ஆட்டைத் தேட வேண்டும், இங்கே ஹெல்கா சோறு தின்ன வேண்டும்.

முதல் நாளே ஹெல்கா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டாள். அடுப்புக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு பக்கத்து அறைக்குப் போனாள். அங்கே நடந்த கதையில் ஒரு நீதிபதி தீர்ப்புச் சொல்லும் நேரம். அவர் மேஜைக்கு அடியில் குனிந்து தேடினாள். தீர்ப்பு தள்ளிப்போனது. அதற்கடுத்த அறையில் ரயில்வே பிளாட்பாரத்தில் இரண்டு பேர் பிரிந்துகொண்டிருந்தார்கள். ஆட்டைப் பார்த்தீர்களா என்று ஐஸ்லாந்து மொழியில் கேட்டாள். அவர்களும் பிரிவதை நிறுத்திவிட்டு அவளோடு தேடப் போனார்கள்.

“இந்தப் புள்ள ஒரு நேரமாச்சும் ஒழுங்கா ஒக்காந்து திங்குதா பாருங்க” என்று லூர்தம்மாள் கரண்டியோடு வராண்டாவில் நின்று முறையிட்டாள்.

செண்பகவல்லிக்கும் அந்த இருப்புக்கொள்ளாமை தொற்றிக்கொண்டது. கட்டுரையில் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிக்குமுன் எழுந்துவிடுவாள். வகுப்பிலும் நடந்துகொண்டே பேசினாள். மாணவர்கள் கழுத்தை இங்கும் அங்கும் திருப்பிக்கொண்டே குறிப்பெடுத்தார்கள். வீட்டில் தோசையை அடுப்பில் போட்டுவிட்டு மாடிப்படி ஏறி இறங்குவாள்.

ஜெசிந்தா தினமும் வந்து கேட்டாள். “அப்பா எப்படி இருக்காங்க மேடம்?”

“நல்லா இருக்கார்.”

ஐஸ்லாந்துப் பேராசிரியர் தொலைபேசியில் சொன்னது அதுவல்ல. உங்கள் ஆள் அருமையாக நடக்கிறார், காலையில் போனால் மலைக்கு அந்தப்பக்கம் இறங்கித்தான் வருகிறார் என்று சொல்லியிருந்தார். அதைச் சொல்ல செண்பகவல்லிக்கு வாய் வரவில்லை. ஜெசிந்தா போன பிறகு ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

பருவம் முடிந்தது. செண்பகவல்லியும் ஜெசிந்தாவும் ஹெல்காவை மதுரை விமான நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். ஹெல்கா கையில் ஓர் ஆடு இருந்தது. விடுதிச் சமையல்கூடத்துக்குப் பின்னால் கிடைத்ததாம். செம்மறி இல்லை, வெள்ளாடு. ஹெல்கா அதன் முகத்தைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மிக்கேல் கம்பளிச் சட்டையோடு வெளியே வந்தார். கன்னம் குளிரில் வெடித்திருந்தது. மகளைப் பார்த்துச் சிரித்தார். வண்டியில் அவர் கால் சும்மா இருக்கவில்லை.

அறைக்குள் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தார். லூர்தம்மாள் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள். சாப்பிட்டார். வாசலில் நின்ற ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இடது கையைத் தரையில் ஊன்றி மிக்கேல் எழுந்து நின்றார். கதையில் அப்படி ஓர் இடம் இருந்ததே இல்லை. காலித் தட்டை முதல்முறையாகப் பார்த்த லூர்தம்மாள் கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

“ஒக்காருங்கப்பா. இன்னுங் கொஞ்சம் வைக்கச் சொல்லுதேன்.”

“வயிறு நெறைஞ்சிட்டு, ஏட்டி.”

“குழம்பு இருக்குப்பா.”

“எப்பவோ நெறைஞ்சிட்டு. நீ நிறுத்தல, அதனால தின்னுக்கிட்டே இருந்தேன்.” அவர் குரலில் கோபம் இல்லை. “அங்க நடந்து பழகிட்டேன். இனி ஒக்கார முடியாது.”

ஜெசிந்தா திரும்பினாள். “மேடம், நீங்க உக்காரச் சொல்லுங்க. நீங்கதானே அனுப்புனீங்க?”

செண்பகவல்லிக்கு மாறுதல்களைப் பற்றி எவ்வளவோ தெரியும். அதில் எதுவும் அந்த நேரத்துக்கு உதவவில்லை. மிக்கேலின் குழம்பு காயும் கையைப் பார்த்தாள்.

“கை கழுவத் தண்ணி இல்லம்மா. நீ இன்னும் எழுதல” என்றாள்.

ஜெசிந்தா வாசல்படியில் உட்கார்ந்தாள். அழுதாள், மூக்கைத் துடைத்தாள், எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். மூலையில் ஒரு செம்பு வந்தது. அதில் தண்ணீர் வர இன்னும் நேரமானது. மிக்கேல் அவசரப்படுத்தாமல் நின்றார். கை கழுவி, வாய் கொப்பளித்து, மனைவி நீட்டிய முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு கடலைப் பார்த்த சுவரில் ஒரு கதவையும் அவள் எழுத வேண்டியிருந்தது.

“திரும்பி வருவீங்கன்னு எழுதட்டுமாப்பா?”

“அத நீ எழுதாத. நாஞ் சொல்லிட்டுப் போறேன்.” கதவைத் திறந்தார். “போயிட்டு வாரேன், தாயி.”

அவர் போனதும் ஜெசிந்தா முற்றுப்புள்ளி வைத்தாள். உள்ளே போய் அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தாள். லூர்தம்மாள் அவளுக்குத் தட்டு வைத்தாள். செண்பகவல்லி வராண்டா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். எழுந்துகொள்ளத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் புதிதாகக் கடல் சேர்ந்திருந்தது. வருகைப் பதிவில் அதன் பெயர் கடைசியில் இருந்தது. கூப்பிட்டதும், “உள்ளேன் மேடம்” என்றது. உட்கார இடம் தேடியது. ஜெசிந்தா பக்கத்து நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஈரமாயிடும், பரவாயில்லையா?” என்று கடல் கேட்டது.